ஒரு டியூப் எத்தனை நாள் வந்தது? விளவங்கோட்டுப் பக்கம் ஒரு குழந்தையின் கரப்பான்: நிகழ்வு ஆய்வு

பின்னணி

கன்னியாகுமரி மாவட்டம் விளவங்கோடு வட்டத்தில், ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே உள்ள ஒரு வீடு. 4 வயது நிறைந்த ஆண் குழந்தை, 29 வயதுத் தாய், தந்தை, தாயைப் பெற்ற பாட்டி. தந்தைக்கு ரப்பர் பால்வெட்டு, விடியுமுன் கிளம்பிவிடுவார். தாய்க்கு அண்டி ஆபீசில், அதாவது முந்திரி ஆலையில், கொட்டை உடைக்கும் வேலை. பகல் முழுக்கக் குழந்தை பாட்டியின் கையில்தான். குடும்பம் அடையாளம் தெரியாமலிருக்கச் சில விவரங்கள் மாற்றப்பட்டுள்ளன.

5ஆம் மாதத்தில் குழந்தையின் இரண்டு கன்னமும் சிவந்து நீர் கசிந்தது. பால் கரப்பான் என்று வீட்டில் எண்ணெய் போட்டார்கள், ஓரளவு ஆறியது. ஒரு வயதுக்குப் பிறகு முழங்கை மடக்கிலும் முழங்காலின் பின்மடக்கிலும் வந்து நின்றது. பிறகு போகவே இல்லை.

2 வயதில் மருந்துக்கடையில் சீட்டு இல்லாமல் ஒரு கிரீம் வாங்கினார்கள். ஸ்டீராய்டு, பூஞ்சை மருந்து, கிருமி மருந்து எல்லாம் ஒரே டியூப்பில் சேர்ந்த கலவை அது; அதிலிருந்த ஸ்டீராய்டு குளோபெட்டசால், இருப்பதிலேயே வீரியம் மிகுந்த வகை. இரண்டே நாளில் தோல் பளிச்சென்று ஆனது. அதனால் கன்னத்திலும் போட்டார்கள், விட்டு விட்டு 6 மாதம். நிறுத்தியதும் முகம் முன்னைவிடச் சிவந்தது. கன்னத்தில் நூல்போல ரத்தக்குழாய்கள் தெரிந்தன. வெளிப்பூச்சு ஸ்டீராய்டுகளைச் சீட்டோடு மட்டும் விற்க வேண்டிய அட்டவணை எச்-க்குள் மத்திய அரசு 2018-இல் கொண்டுவந்தது. கடைகளில் நடப்பது என்ன என்பது ஊருக்கே தெரியும்.

அந்த அனுபவம் வீட்டில் இரண்டு முடிவுகளை உண்டாக்கியது. ஸ்டீராய்டு என்றாலே பயம். மருந்தை நம்ப முடியாது, பத்தியம்தான் வழி என்ற தீர்மானம். 'கரப்பான் பண்டம்' என்ற பட்டியலில் மீன், முட்டை, கத்தரிக்காய், கருவாடு எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக விழுந்தன. ஒன்றரை வருடமாகக் குழந்தை சோறு, ரசம், மரச்சீனி, பால் கலக்காத கட்டன்சாயா என்று ஓடிக்கொண்டிருந்தது.

முதல் நாள் பார்த்தது

ஜூன் இரண்டாம் வாரம், தென்மேற்கு மழை பிடித்திருந்த நேரம். மழைக்கு 3 வாரம் முன்பே அரிப்பு கூடியிருந்தது. கடைசி 4 நாளாக முழங்காலின் பின்மடக்கில் நீர் கசிந்து, அதன் மேல் தேன் காய்ந்ததுபோல மஞ்சள் பொருக்கு. காய்ச்சல் இல்லை. இரவில் நாலைந்து முறை எழுந்து சொறிவதால் தாயும் குழந்தையும் தூங்கி நாளாகியிருந்தது.

முதலில் வேறு எதுவும் இல்லை என்று உறுதி செய்ய வேண்டியிருந்தது. மழைக்காலத்தில் குமரி மாவட்டத்துக் கிராமத்தில் ஒரு குழந்தை இரவெல்லாம் சொறிந்தால் சிரங்குப் பூச்சியை நினைக்காமல் இருக்க முடியாது. விரல் இடுக்கு, மணிக்கட்டு, தொப்புளைச் சுற்றி, பிறப்புறுப்பு எல்லாம் பார்க்கப்பட்டன. பூச்சி துளைத்த கோடுகளோ முடிச்சுகளோ இல்லை, வீட்டில் வேறு யாருக்கும் அரிப்பும் இல்லை. அடுத்து ஹெர்பிஸ் வைரஸ். கரப்பான் உள்ள தோலில் அது பரவினால் ஒரே அளவான, துளையிட்டதுபோன்ற சிறு புண்கள் கூட்டமாக வரும். வலியும் காய்ச்சலும் இருக்கும். அன்றே மருத்துவமனையில் சேர்க்க வேண்டிய அவசரம் அது. அதுவும் இல்லை.

அரிப்பு, 2 வயதுக்கு முன் தொடக்கம், மடக்குகளில் இப்போதும் முன்பும் புண், உடல் முழுக்க வறண்ட தோல், தாய்க்குக் காலை எழுந்ததும் தொடர் தும்மல். அடோபிக் எக்சிமா, அதாவது ஒவ்வாமை வாகுள்ள உடம்பில் வரும் கரப்பான், என்று சொல்ல இதற்கு மேல் ரத்தப் பரிசோதனை எதுவும் தேவையில்லை. கரப்பானின் கடுமையை அளக்கும் பொயம் (POEM) என்ற 7 கேள்வி அளவுகோலில் (மொத்தம் 28) மதிப்பெண் 23. 17 முதலே கடுமை.

எடை 12.6 கிலோ. உலக சுகாதார நிறுவன அட்டவணைப்படி 4 வயது ஆண் குழந்தையின் நடு எடை 16.3 கிலோ. தோலைவிட இந்த எண்தான் அன்று அதிகம் கவலை தந்தது.

வீட்டில் இருந்த மருந்துகளை எல்லாம் பையோடு கொண்டுவரச் சொல்லியிருந்தோம். அதில் 10 கிராம் மொமெட்டசோன் 0.1 சதவீத டியூப் ஒன்று இருந்தது; இதுவும் ஸ்டீராய்டுதான், ஆனால் குளோபெட்டசாலைவிட வீரியம் குறைந்தது. முந்தைய மருத்துவர் எழுதியது, சரியான மருந்துதான். வாங்கி 7 வாரம் ஆகியும் மூன்றில் ஒரு பங்கு மீதி இருந்தது.

எடுத்த முடிவுகள், காரணங்கள்

கசிவுக்கு முதலில்: 7 நாள் வாய்வழிக் கிருமிக்கொல்லி. கூடவே பொட்டாசியம் பர்மாங்கனேட் ஒத்தடம், ஒரு நாளைக்கு 2 முறை, 10 நிமிடம், கசிவு நிற்கும் வரை மட்டும். இதில் தவறு நடக்கும் இடம் அளவுதான். தண்ணீர் வெளிறிய ரோஜாப்பூ நிறத்தில் இருக்க வேண்டும்; கத்தரிப்பூ நிறம் வந்தால் தோல் வெந்துவிடும். படிகம் கரையாமல் துணியில் ஒட்டினாலும் அந்த இடம் பொத்துப்போகும். ஒரு கோப்பையில் முழுக்கக் கரைத்து, அதிலிருந்து பெரிய பாத்திரத்துத் தண்ணீரில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி நிறம் பார்ப்பது பத்திரம். நகமும் பாத்திரமும் பழுப்பேறும் என்பதையும் முன்கூட்டியே சொல்லியாயிற்று. சொல்லாவிட்டால் மறுநாளே நிறுத்திவிடுவார்கள்.

கை கால்களுக்கு அதே மொமெட்டசோன், இரவில் ஒரு முறை, 14 நாள். இங்கேதான் கணக்கு வருகிறது. டியூப்பின் வாயிலிருந்து பெரியவரின் ஆள்காட்டி விரலில், நுனி முதல் முதல் மடிப்பு வரை பிதுக்கினால் ஒரு விரல்நுனி அளவு. ஆணின் விரலில் அது ஏறக்குறைய அரை கிராம், பெண்ணின் விரலில் 0.4 கிராம். இரண்டு உள்ளங்கை அளவுத் தோலுக்கு, விரல்களையும் சேர்த்து, அது போதும். 3 முதல் 5 வயதுக் குழந்தைக்கு ஒரு கை முழுக்க 2 அளவு, ஒரு கால் முழுக்க 3 அளவு. இரண்டு கை, இரண்டு கால் சேர்த்து 10. இந்தக் குழந்தைக்கு ஏறக்குறையப் பாதி இடத்தில் புண் இருந்ததால் 5 அளவு, தாயின் விரலில் 2 கிராம். அந்த 10 கிராம் டியூப் 5 நாளில் தீர்ந்திருக்க வேண்டியது. 14 நாளுக்கு 28 கிராம் என்று கணக்கிட்டு 15 கிராம் டியூப் இரண்டு எழுதப்பட்டது.

முகத்துக்கு ஸ்டீராய்டு வேண்டாம் என்பது முடிவு. அங்கே ஏற்கெனவே குளோபெட்டசாலின் காயம் இருந்தது. அதற்குப் பதில் ஸ்டீராய்டு அல்லாத டாக்ரோலிமஸ் 0.03 சதவீதக் களிம்பு, 2 வயதுக்கு மேல் கொடுக்கலாம். ஆனால் கிருமி இருக்கும் தோலில் கூடாது என்பதால் 8ஆம் நாளிலிருந்து. முதல் சில நாள் எரியும் என்று சொல்லப்பட்டது.

குளியல்: வேப்பிலை போட்டுக் கொதிக்கவைத்த சூட்டோடு அரை மணி நேரம் என்பது மாறி, கை பொறுக்கும் வெதுவெதுப்பில் 10 நிமிடத்துக்குள். நார் போட்டுத் தேய்ப்பது நின்றது. கிருமிநாசினி சோப்புக்குப் பதில் கார அமிலத்தன்மை (pH) 5.5 உள்ள சோப்பில்லாச் சோப்பு, அதுவும் அக்குளுக்கும் தொடை இடுக்குக்கும் மட்டும். துவட்டும்போது ஒற்றி எடுத்து, ஈரம் காயுமுன், 3 நிமிடத்துக்குள் மாய்ஸ்சரைசர்.

மாய்ஸ்சரைசர் விலைதான் பெரிய இடறல். இந்த வயதில் உடல் முழுக்க 2 வேளை போட வாரத்துக்கு 200 கிராமுக்குக் குறையாது. பால்வெட்டுக் கூலியில் வாரா வாரம் அதை வாங்கு என்பது நடக்காத பேச்சு. எனவே காலையில் பாரபின் கிரீம், இரவில் வீட்டுத் தேங்காய்ப்பாலை உருக்கி எடுக்கும் உருக்கெண்ணெய். இது பாட்டியைச் சமாதானப்படுத்த எடுத்த முடிவு அல்ல. பிலிப்பைன்சில் லேசான அல்லது மிதமான கரப்பான் உள்ள 117 குழந்தைகளிடம் 8 வாரம் நடந்து 2014-இல் வெளியான ஆய்வில், சுத்தத் தேங்காய் எண்ணெய் மினரல் எண்ணெயைவிட நல்ல பலன் தந்தது. நிபந்தனை இரண்டு: ஈரத் தோலில் போட வேண்டும், கற்பூரம், மஞ்சள், வேறு இலை எதுவும் சேர்க்கக் கூடாது. கசியும் புண் மேல் எண்ணெய் வேண்டாம்.

போர் தண்ணீர்தான் காரணம் என்று தந்தை கடினநீரை மென்மையாக்கும் கருவி வாங்கத் தயாராக இருந்தார். இங்கிலாந்தில் 336 குழந்தைகளை வைத்து நடந்த சோதனையில் (2011) அந்தக் கருவியால் கரப்பானுக்குக் கூடுதல் நன்மை எதுவும் கிடைக்கவில்லை. அந்தப் பணம் கிரீமுக்குப் போகட்டும் என்று சொல்லப்பட்டது.

பத்தியம்

'கரப்பான் உள்ள பிள்ளைக்கு மீனு குடுக்கப்பிடாது' என்பதில் பாட்டி உறுதியாக இருந்தார். ஆதாரமும் வைத்திருந்தார்: இரண்டரை வயதில் சூரை மீன் தின்ற அரை மணி நேரத்தில் குழந்தையின் முகமும் வாயைச் சுற்றியும் சிவந்து தடித்ததாம். நிதானமாகக் கேட்டபோது இன்னொன்று வெளிவந்தது. அன்று மாமாவுக்கும் முகம் சிவந்து தலை வலித்திருக்கிறது. சூரை, அயிலை, சாளை போன்ற மீன்களை ஐஸ் இல்லாமல் வைத்தால் சதையில் ஹிஸ்டமின் உண்டாகும். கொதிக்கவைத்தாலும் அது அழியாது. தின்ற எல்லோருக்கும் ஒவ்வாமைபோலவே தோன்றும். ஒரே சட்டியில் தின்ற இருவருக்கு ஒரே நேரத்தில் வந்தால் குற்றம் பெரும்பாலும் அந்த மீனின் மேல்தான், குழந்தையின் மேல் இல்லை.

முட்டையை ஒரு வயதில் தடையில்லாமல் தின்றிருக்கிறான். ஆனாலும் வீட்டில் உடனே கொடுக்கச் சொல்லவில்லை. கரப்பான் உள்ள குழந்தைகள் ஒரு பண்டத்தை நெடுநாள் விலக்கி வைத்தால், முன்பு ஒத்துக்கொண்ட உடம்பு திரும்பக் கொடுக்கும்போது கடுமையாக எதிர்க்க வாய்ப்புண்டு. எனவே நன்றாக வெந்த முட்டையில் ஒரு துணுக்கு, பிறகு கால் பங்கு, பிறகு அரை என்று மருத்துவமனையிலேயே கொடுத்து, கடைசித் துண்டுக்குப் பின் 2 மணி நேரம் உட்காரவைத்துப் பார்த்தோம். ஒன்றும் வரவில்லை. மீனும் அதே முறையில், அன்று காலை கரைக்கு வந்த சாளையில். கத்தரிக்காய்க்கும் கருவாட்டுக்கும் இந்தச் சடங்கு தேவைப்படவில்லை.

15ஆம் நாள்: எதிர்பார்த்தது நடக்கவில்லை

8ஆம் நாள் பொருக்கு உதிர்ந்து கசிவு நின்றிருந்தது. ஆனால் 15ஆம் நாள் மடக்குகள் அப்படியே தடித்துச் சிவந்திருந்தன; பொயம் 19. மருந்து வேலை செய்யவில்லை என்று முடிவு கட்டி இன்னும் வீரியமான ஒன்றுக்குத் தாவுவது இந்த இடத்தில் நடக்கும் வழக்கமான பிழை.

கொடுக்கும்போதே டியூப்கள் இரண்டையும் மின்தராசில் நிறுத்து எடையைக் குறித்திருந்தோம். திரும்ப நிறுத்தபோது குறைந்தது மொத்தம் 7 கிராம். போயிருக்க வேண்டியது 28.

அன்றுதான் பாட்டி முதல்முறையாக வந்திருந்தார். மறைக்கவில்லை. பயறு அளவு கிரீமை ஒரு கரண்டி எண்ணெயில் கலக்கி, உடம்பெல்லாம் தடவியிருக்கிறார். 'இது ஸ்டீராய்டு இல்லியா டாக்டரம்மா? பிள்ளைக்க தொலி உரிஞ்சு போவுமே. அதான் வீரியத்த கொறச்சேன்.' முகத்துக் களிம்பு எரிந்ததால் இரண்டாம் இரவே நிறுத்தியிருந்தார். அவர் பயம் பொய் இல்லை. பேரனின் கன்னத்தில் அந்தச் சிவந்த நூல்கள் இன்னும் இருக்கின்றன. பழைய கலவை டியூப்பையும் புதியதையும் அருகருகே வைத்து, எது எங்கே எத்தனை மாதம் போடப்பட்டது என்று சொன்ன பிறகுதான் பேச்சு முன்னேறியது. வீக்கம் அடங்காத தோலில் சொறிவதால் வரும் தடிப்பும் கிருமியும், 14 நாள் மொமெட்டசோனைவிடப் பெரிய சேதம். எண்ணெயில் கலக்கும்போது எந்த இடத்தில் எவ்வளவு மருந்து படுகிறது என்ற கணக்கே கைநழுவிவிடும்.

பிறகு தாயை விரல்நுனி அளவு பிதுக்கிக் காட்டச் சொன்னோம். அவர் இடது கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டார்.

தாயின் கை

இடது கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் கருத்து, தோல் காய்ந்த பனையோலைபோல் வெடித்திருந்தன. வெடிப்புக்குள் ரத்தம். வலது உள்ளங்கை ஏறக்குறையச் சுத்தம். வறுத்த அண்டியை இடது விரல்களால் பிடித்து, வலது கையால் அடித்து உடைப்பவருக்கு இப்படித்தான் இருக்கும். முந்திரி ஓட்டிலிருந்து கசியும் எண்ணெயில் அனகார்டிக் அமிலமும் கார்டாலும் இருக்கின்றன. தோலை வேகவைக்கும், சிலருக்கு ஒவ்வாமையும் உண்டாக்கும். பிசுபிசுப்புக்கு அவர் சாம்பல் தொட்டுக்கொள்வார். அதன் காரம் தோலின் மேல்படலத்தை இன்னும் அரிக்கும். அவருக்கும் சிறுவயதில் மடக்குகளில் கரப்பான் இருந்திருக்கிறது. குழந்தைப் பருவத்தில் அடோபிக் எக்சிமா இருந்தவர்கள் கையைக் கெடுக்கும் வேலைக்குப் போனால் கைக் கரப்பான் வரும் வாய்ப்பு அதிகம். போன கிறிஸ்துமசுக்கு ஆபீஸ் அடைத்த 10 நாளில் கை பெருமளவு ஆறியதாகவும், திறந்த ஒரு வாரத்தில் திரும்பியதாகவும் அவரே சொன்னார். இதைவிடத் தெளிவான சோதனை தேவைப்படவில்லை.

மருந்து போடும் வேலை ஏன் பாட்டியிடம் போனது என்பதும் புரிந்தது. தாயால் டியூப்பைப் பிதுக்கவே முடியவில்லை.

அவருக்குக் கொடுத்தது குளோபெட்டசால் 0.05 சதவீதம், இரவில், 2 வாரம்; பிறகு ஒருநாள் விட்டு ஒருநாள். பேரனின் கன்னத்தைக் கெடுத்த அதே மருந்து என்று பாட்டி உடனே கேட்டார், கேட்க வேண்டிய கேள்விதான். தடித்த விரல்தோலுக்கு அந்த வீரியம் வேண்டும். குழந்தையின் கன்னத்துக்கு அது எப்போதும் ஆகாது. மேலே வாசலின். வேலையில் உள்ளே மெல்லிய பருத்திக் கையுறை, அதன் மேல் நைட்ரைல் கையுறை, கிழிந்தால் உடனே மாற்ற வேண்டும். வீட்டுக்கு வந்ததும் குளித்து வேலைச் சேலையை மாற்றிய பிறகே குழந்தையைத் தூக்குவது. அந்த ஓட்டெண்ணெய் குழந்தையின் தோலிலும் பட்டதா என்பதற்கு நேரடிச் சான்று இல்லை. ஆனாலும் செலவில்லாத முன்னெச்சரிக்கை.

தொடர்ந்து நடந்தது

15ஆம் நாளிலிருந்து இரவு மருந்து தந்தையின் பொறுப்பு. அவர் விரல் பெரிது என்பதால் 4 அளவு. டியூப் வாங்கிய தேதி, தீர்ந்த தேதி இரண்டையும் அட்டைப்பெட்டியின் மேல் எழுதினார். 5ஆம் வாரம் பொயம் 9. 8ஆம் வாரம் 5. டாக்ரோலிமஸை ஃபிரிட்ஜில் வைத்துப் போட்டதில் எரிச்சல் பொறுக்கும்படி ஆனது, ஒரு வாரத்தில் நின்றது.

தோல் தெளிந்ததும் மருந்தை நிறுத்தவில்லை. பழைய இடங்களில் புதன், சனி இரவுகளில் மட்டும் மொமெட்டசோன், 4 மாதம். கண்ணுக்குத் தெளிவான தோலுக்குள்ளும் அழற்சி மிச்சம் இருக்கும் என்பதே காரணம். பாட்டி ஒப்புக்கொள்ளக் கடினமான ஆலோசனை இதுதான்.

அக்டோபரில் வடகிழக்கு மழையோடு ஒரு முறை கிளம்பியது. அங்கன்வாடியிலிருந்து நனைந்து வந்த பாலியஸ்டர் சட்டையோடு மாலைவரை விளையாடியிருக்கிறான். எழுதிக் கொடுத்த தாளில் இருந்தபடி அன்றிரவே தினசரி மருந்துக்கு மாறினார்கள்; 5ஆம் நாள் அடங்கியது. எடை டிசம்பரில் 14.1 கிலோ.

ஏப்ரலில் வந்த தொல்லை எங்கள் பிழை. கிரீம் தீர்ந்ததும் விலை குறைவென்று பகலிலும் வாசலின் போடச் சொல்லியிருந்தோம். அந்தப் புழுக்கத்தில் அது வேர்வை வழியை அடைத்து, முதுகெல்லாம் வேர்க்குரு. அரிப்பு கூடியதும் கரப்பான் திரும்பியது என்று வீட்டில் பதறினார்கள். பகலுக்குக் கிரீம், இரவில் கை கால்களுக்கு மட்டும் எண்ணெய் என்று மாற்றியதும் ஒரு வாரத்தில் போனது. மேலைநாட்டுக் குளிருக்கு எழுதிய ஆலோசனையைக் குமரிக் கடற்காற்றுக்கு அப்படியே எடுக்கக் கூடாது.

ஒரு வருடம் கழிந்த ஜூனில் பொயம் 4. இரவு முழுக்கத் தூங்குகிறான். சாளைக் குழம்பு இல்லாமல் சோறு இறங்குவதில்லை என்பது பாட்டியின் புகார்.

இனி மாற்றிச் செய்வது

முதல் நாளே பாட்டியை அழைத்திருக்க வேண்டும். யார் கையால் மருந்து போடப்படும் என்று கேட்காமல் தாயிடம் மட்டும் விளக்கியதில் 2 வாரம் வீணானது. பழைய டியூப் எத்தனை நாள் வந்தது என்ற கேள்விக்கு முதல் நாளே பதில் கையில் இருந்தது, 7 வாரம். அதைக் கண்டும் ஏன் என்று கேட்காமல் அளவை மட்டும் சொல்லி அனுப்பினோம். கூட வரும் பெரியவர்களின் கைகளையும் இப்போது முதல் சந்திப்பிலேயே பார்க்கிறோம்.

தாயின் கை பாதிதான் ஆறியிருக்கிறது. கையுறை போட்டால் விரல் பிடி நழுவி உடைக்கும் எண்ணிக்கை குறைகிறது, எண்ணிக்கைக்குத்தான் கூலி. 3 மாதம் போட்டார், விட்டுவிட்டார். பிப்ரவரியிலிருந்து தொலி உரிக்கும் பிரிவுக்கு மாறியிருக்கிறார். அங்கே ஓட்டெண்ணெய் குறைவு. கட்டைவிரல் வெடிப்பு மூடிவிட்டது, ஆள்காட்டி விரல் வாரம் ஒரு முறை திறக்கிறது. குழந்தைக்கு இரவு மருந்தை இன்னும் தந்தைதான் போடுகிறார்.